கூவத்தில் ஒரு வில்லாளி

கூவம் என்ற பெயரைக் கேட்டதும் உங்கள் கை முந்தானையைத் தேடிக்கொண்டு மூக்குக்குப் போகிறதா? போகட்டும், தப்பில்லை. சிந்தாதிரிப்பேட்டையிலோ சேத்துப்பட்டிலோ பாலத்தின்மேல் பஸ் நின்றுவிட்டால் எல்லோரும் செய்கிற காரியம்தான் அது. ஆனால் ஒரு விஷயம் யோசித்துப் பார்த்தீர்களா? புக்ககத்தில் ஒரு பெண் பட்ட பாட்டை மட்டும் பார்த்துவிட்டு, அவள் பிறந்த வீட்டைப் பற்றி முடிவு கட்டலாமா?

கூவம் ஆற்றுக்கும் பிறந்த வீடு உண்டு. திருவள்ளூர் மாவட்டத்தில், பேரம்பாக்கத்துக்கு அருகே, வயலும் ஏரியும் சூழ்ந்த சின்னஞ்சிறு கிராமம் அது. அந்த ஊரின் பெயரும் கூவம்தான். தேவாரத்தில் அதற்குத் திருவிற்கோலம் என்று பெயர். திரு, வில், கோலம் என்று பிரித்துப் பாருங்கள். கையில் வில்லேந்திய கோலத்தில் சிவபெருமான் நின்ற ஊர். ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் வந்து பாடிய தலம்.

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மாமியாரையும், நான்காம் வகுப்புப் படிக்கும் என் பெண்ணையும் அழைத்துக்கொண்டு புறப்பட்டேன். சென்ட்ரலிலிருந்து அரக்கோணம் போகும் மின்சார ரயிலில் ஏறினால், திருவள்ளூரைத் தாண்டிக் கடம்பத்தூரில் இறங்கலாம். போகிற வழியே வேடிக்கையானது. 1955 முதல் ரயில் பெட்டிகள் செய்கிற தொழிற்சாலை பெரம்பூருக்கும் வில்லிவாக்கத்துக்கும் பக்கத்தில் இருக்கிறது. அம்பத்தூரில் லேத்துப் பட்டறைகள். ஆவடியில் ராணுவத்துக்கு டாங்கி செய்கிறார்கள். அச்சும் சக்கரமும் செய்கிற ஊர்களையெல்லாம் கடந்து நாங்கள் எங்கே போய்க்கொண்டிருந்தோம், தெரியுமா? தேவாதி தேவனுடைய தேருக்கே அச்சு முறிந்துபோன ஊருக்கு!

முறிந்த அச்சு

கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் ரயிலில் என் பெண்ணுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

தாரகாசுரனுக்கு மூன்று பிள்ளைகள். தாரகாட்சன், கமலாட்சன், வித்யுன்மாலி என்று பெயர். அவர்கள் கடுந்தவம் செய்து பிரம்மாவிடம் வரம் கேட்டார்கள். பொன்னால் ஒரு கோட்டை, வெள்ளியால் ஒரு கோட்டை, இரும்பால் ஒரு கோட்டை. மூன்றும் ஆகாயத்தில் திரிந்துகொண்டே இருக்க வேண்டும். ஆயிரம் வருஷத்துக்கு ஒருமுறைதான் ஒரே நேர்கோட்டில் சேரும். அந்தக் கணத்தில் ஒரே அம்பால் மூன்றையும் அடிப்பவன் எவனோ, அவனால் மட்டுமே தங்களுக்கு அழிவு வர வேண்டும். சாமர்த்தியமான வரம்தான்!

வரம் கிடைத்ததும் மூவரும் உலகத்தைப் படாதபாடு படுத்தினார்கள். தேவர்கள் சிவனிடம் ஓடினார்கள். அவருக்காக ஒரு தேர் தயாராயிற்று. பூமியே தேர்த்தட்டு. சூரியனும் சந்திரனும் சக்கரங்கள். நான்கு வேதங்களும் குதிரைகள். பிரம்மா சாரதி. மேருமலை வில், வாசுகி என்ற பாம்பு நாண், திருமால் அம்பு, அம்பின் நுனியில் அக்கினி.

இத்தனை ஏற்பாடும் செய்தவர்கள் ஒன்றை மட்டும் மறந்துவிட்டார்கள். பிள்ளையாரைக் கும்பிடவில்லை. ஐயன் தேரில் ஏறிக் காலை வைத்தாரோ இல்லையோ, அச்சு மளுக்கென்று முறிந்தது.

"ஸ்டெப்னி கிடையாதாம்மா?" என்று கேட்டாள் என் பெண். எதிர் ஸீட்டில் இருந்தவர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார்.

அச்சு முறிந்த இடம் இந்தக் கூவம் என்பது தல ஐதீகம். தேரின் உறுப்பு ஒன்றுக்குக் கூவரம் என்று பெயர். அது முறிந்ததால் ஊர் கூவம் ஆயிற்று என்கிறார்கள். மதுராந்தகத்துக்குத் தெற்கே அச்சிறுபாக்கத்தாரைக் கேட்டால், அச்சு முறிந்தது தங்கள் ஊரில்தான் என்று அடித்துச் சொல்வார்கள். நமக்கு எதற்கு வம்பு? இரண்டு ஊரிலும் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்துவிட்டால் போயிற்று. கூவத்துப் பிள்ளையாரின் பெயரே அச்சிறுத்த விநாயகர்தான்.

கோயிலில் மூலவர் லிங்க வடிவம். தீண்டாத் திருமேனி என்கிறார்கள்; அர்ச்சகரும் கையால் தொடுவதில்லை. பெருமழை வருவதானால் லிங்கத்தின் நிறம் வெளுக்கும், யுத்தம் வருவதானால் சிவக்கும் என்று ஊரார் நம்பி வருகிறார்கள். பிராகாரத்தில் காற்று அள்ளிக்கொண்டு போயிற்று. ஏரிப் பக்கமிருந்து கொக்குகள் வரிசையாகப் பறந்தன. என் மாமியார் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். "இந்த ஊர்ப் பெயரைச் சொல்லியா மூக்கைப் பிடித்துக்கொண்டோம்!" என்றார் மெல்ல.

சிற்பிக்கு வந்த சங்கடம்

மற்றத் தேசத்து வீரக் கதைகளில் இல்லாத ஒரு சிக்கல் இந்தக் கதையில் இருக்கிறது. தேர் ஒருவாறு சரியாயிற்று. ஆயிரம் வருஷத்துக்கு ஒருமுறை வரும் அந்தக் கணமும் வந்தது. வில்லை வளைத்து நின்ற சிவன் அம்பை விட்டாரா? நம் தமிழ்நாட்டுப் பக்தர்களைக் கேளுங்கள். "விடவே இல்லை. சிரித்தார். சிரித்த சிரிப்பிலேயே மூன்று கோட்டையும் பற்றி எரிந்தன" என்பார்கள். தங்கள் உதவி இல்லாமல் காரியம் நடக்காது என்று தேரானவரும் அம்பானவரும் மனத்துக்குள் கர்வப்பட்டார்களாம். அதனால்தான் அந்தச் சிரிப்பு.

அப்படியானால் சிற்பி என்ன செய்வான்? வில்லைக் காட்டினால் சிரிப்புக்கு வேலை இல்லை. சிரிப்பைக் காட்டினால் வில்லுக்கு வேலை இல்லை. இரண்டையும் ஒரே உருவத்தில் காட்ட வேண்டும். வீரனின் கையில் யுத்தம் இருக்க வேண்டும், உதட்டில் விளையாட்டு இருக்க வேண்டும். நம் கலைஞர்கள் ஆயிரத்து முந்நூறு வருஷங்களாக இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள்.

கதை அதைவிடப் பழையது. மலையை வில்லாகவும் பாம்பை நாணாகவும் கொண்டு ஒரே அம்பால் மூன்று கோட்டையை அழித்தவனைப் புறநானூற்றுப் புலவரே பேசுகிறார். மகாபாரதத்தில் கர்ண பர்வத்தில் இந்தக் கதை வருகிறது. கர்ணனுக்குச் சாரதியாக இருக்க மாட்டேன் என்று சல்லியன் முறுக்கிக்கொண்டபோது, "பிரம்மாவே தேரோட்டவில்லையா?" என்று துரியோதனன் இதைச் சொல்லித்தான் சமாதானப்படுத்துகிறான். சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடும் பதினோரு ஆடல்களில் முதலாவதான கொடுகொட்டி, முப்புரம் எரிந்தபோது சிவன் ஆடியது.

கல்லில் பார்க்க வேண்டுமா? ராஜசிம்ம பல்லவன் சுமார் கி.பி. 700-ல் கட்டிய காஞ்சிக் கைலாசநாதர் கோயிலுக்குப் போங்கள். எல்லோராவில் ஒரே மலையைக் குடைந்து செய்த கைலாசக் கோயிலில் தேரோடும் சாரதியோடும் திரிபுராந்தகர் நிற்கிறார். உலோகத்தில் பார்க்க வேண்டுமானால் தஞ்சைக் கலைக்கூடத்துக்குப் போங்கள். அங்கே சோழர் காலத்துத் திரிபுராந்தகர் செப்புத் திருமேனி இருக்கிறது. அருகில் தேவி திரிபுரசுந்தரி. சுவாமியின் ஒரு கை வில்லைப் பிடித்த பாவனை. மற்றொரு கை அம்பைப் பிடித்த பாவனை. ஆனால் கைகளில் வில்லும் இல்லை, அம்பும் இல்லை! இப்படிப்பட்ட திருமேனிகளுக்கு வில்லைத் தனியாகச் செய்து பொருத்துவது வழக்கம். வில் போய்விட்டது, விரல்கள் மட்டும் இருக்கின்றன. ஆயினும் ஒரு நிமிஷம் நின்று பாருங்கள். அந்த விரல்களின் வளைவே வில்லை உங்கள் கண்ணுக்குக் காட்டிவிடும். முகத்திலோ கோபத்தின் சுவடே கிடையாது.

ராஜராஜன் சுவரில்

எல்லாவற்றுக்கும் சிகரம் தஞ்சைப் பெரிய கோயிலில் இருக்கிறது. ராஜராஜ சோழனுக்குத் திரிபுராந்தகர்மேல் தனிப் பிரியம் போலும். விமானத்தின் இரண்டாம் தளத்து மாடங்களில் வில்லேந்திய அந்த வடிவத்தைத் திரும்பத் திரும்ப, வரிசையாகச் செதுக்கச் சொல்லியிருக்கிறான். போர்க்களத்தில் பேர் எடுத்த மன்னனுக்கு மூன்று கோட்டைகளை வென்ற கடவுள் பிடித்துப்போனதில் என்ன ஆச்சரியம்?

கர்ப்பக்கிருகத்தைச் சுற்றியுள்ள உள் நடையின் சுவர்களில் நாயக்கர் காலத்து ஓவியங்கள் இருந்தன. 1931-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ்.கே. கோவிந்தசாமி என்பவர், அந்தப் பூச்சுக்கு அடியில் இன்னொரு பூச்சு இருப்பதைக் கண்டுபிடித்தார். மேல் சுண்ணம் பெயர்ந்த இடத்தில் சோழர் காலத்து வர்ணங்கள் எட்டிப் பார்த்தன! புதுப் புடவையின் அடியில் பாட்டியின் கூறைப் புடவை கிடைத்த மாதிரி. அங்கே கிடைத்த ஓவியங்களில் ஒன்றுதான் திரிபுராந்தகர். அந்த நடைக்குள் எல்லோரையும் விடுவதில்லை. ஆனால் அச்சில் நல்ல படங்கள் வந்திருக்கின்றன.

படத்தைப் பாருங்கள். பிரம்மா தேரை ஓட்டுகிறார். தேரின்மேல் எட்டுக் கைகளிலும் ஆயுதங்களோடு, ஒரு காலை மடக்கி மற்றொரு காலை நீட்டி, வில்லாளி நிற்கும் நிலையில் சிவன் நிற்கிறார். மயிலின்மேல் முருகன் வருகிறான். மூஞ்சூறின்மேல் பிள்ளையார் வருகிறார். இந்தத் தடவை அவரை யாரும் மறக்கவில்லை! சிங்கத்தின்மேல் காளி. தேருக்கு முன்னால் நந்தி சாந்தமாக இருக்கிறது. எதிர்ப்பக்கம் அசுரர்கள் கூட்டம் கூட்டமாக நிற்கிறார்கள். மீசையும் உருட்டு விழியுமாக, பயம் என்பதையே அறியாதவர்களாகச் சண்டைக்கு நிற்கிறார்கள்.

அவர்களுக்கு நடுவில் இன்னொரு கூட்டமும் இருக்கிறது. அவசரமாகப் பார்த்தால் கண்ணில் படாது. அசுரர்களின் மனைவிமார்கள்! புருஷனின் தோளைக் கட்டிக்கொண்டு, நடுங்கிக்கொண்டு, கண்ணீரோடு நிற்கிறார்கள்.

கூவத்திலிருந்து திரும்பிய அன்று ராத்திரி, புத்தகத்தில் இந்தப் படத்தைக் காட்டினேன். மாமியார் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வெகு நேரம் பார்த்தார். சாமியைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வார் என்று நினைத்தேன். அவர் விரல் அந்தப் பெண்களின்மேல் போய் நின்றது.

"வரம் கேட்டது அவனுங்க. ஆட்டம் போட்டது அவனுங்க. இவளுங்க என்னம்மா பாவம் பண்ணினாளுங்க?" என்றார்.

எனக்குப் பதில் வரவில்லை. என் மாமனார் 1971 யுத்தத்தின்போது எல்லையில் இருந்தவர். அந்த நாட்களில் தபால்காரன் தெருமுனையில் திரும்பும்போதெல்லாம் நெஞ்சு எப்படி அடித்துக்கொள்ளும் என்று அவர் பல தடவை சொல்லியிருக்கிறார். ஜெயித்த கட்சியில் இருந்த பெண்ணுக்கே அந்தப் பாடு.

கிரேக்கர்கள் எப்படிச் செய்தார்கள்?

இதே மாதிரி வீரக் கதைகளை மற்றத் தேசத்துக் கலைஞர்கள் எப்படிக் காட்டினார்கள் என்று பார்க்க ஆசை வந்தது. கிரேக்கர்களின் பெரிய வீரன் ஹெர்குலிஸ். கிரேக்க பாஷையில் ஹெராக்ளீஸ். அவனுக்குப் பன்னிரண்டு கடினமான வேலைகள் இட்டார்கள். அந்தப் பன்னிரண்டையும் ஒலிம்பியாவில், கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் கட்டிய ஜீயஸ் கோயிலில் பன்னிரண்டு சலவைக்கல் பலகைகளில் செதுக்கியிருக்கிறார்கள்.

முதல் பலகையில் அவன் சிங்கத்தைக் கொன்றதைக் காட்ட வேண்டும். சிங்கத்தோடு கட்டிப் புரளும் காட்சியை எதிர்பார்ப்பீர்கள். பானைகளில் சித்திரம் எழுதிய கிரேக்கர்கள் அதைத்தான் நூற்றுக்கணக்கில் எழுதினார்கள். ஒலிம்பியாச் சிற்பி அப்படிச் செய்யவில்லை. சிங்கம் செத்துக் கிடக்கிறது. அதன்மேல் ஒரு காலை வைத்துக்கொண்டு, மீசைகூட முளைக்காத பிள்ளை ஒருவன் தலையைக் கையில் தாங்கி, களைத்துப்போய் நிற்கிறான். இன்னும் பதினோரு வேலை பாக்கி என்ற மலைப்பு அந்த நிலையில் தெரிகிறது.

இன்னொரு பலகை நம் வீட்டுப் பெண்களுக்கு மிகவும் பிடிக்கும். அதில் ஹெர்குலிஸ் வானத்தையே தோளில் தாங்குகிறான். தோளுக்கும் வானத்துக்கும் நடுவில் என்ன இருக்கிறது தெரியுமா? மடித்து வைத்த ஒரு மெத்தை. நம் ஊர்ச் சும்மாடு! பின்னால் அதீனா தேவி நின்றுகொண்டு, ஒரு கையை மட்டும் உயர்த்தி அந்தப் பாரத்தை லேசாகத் தாங்கிக் கொடுக்கிறாள். அடுப்பில் பால் பொங்கும்போது போகிற போக்கில் ஒரு கை கொடுப்பது போல, அவ்வளவு அலட்டல் இல்லாமல்!

ரோமானியர் காலத்துக்கு வாருங்கள். ரோமாபுரியில் காரகல்லா என்ற சக்கரவர்த்தி கட்டிய குளியல் மண்டபத்தின் இடிபாட்டில், பதினாறாம் நூற்றாண்டில் பத்தடிக்கு மேல் உயரமான ஒரு ஹெர்குலிஸ் சிலை கிடைத்தது. இப்போது நேப்பிள்ஸ் நகரத்துப் பொருட்காட்சிச்சாலையில் இருக்கிறது. லைசிப்பஸ் என்ற கிரேக்கச் சிற்பியின் பழைய சிலையைப் பார்த்து கிளைகான் என்பவன் செய்தது. மலை மலையான தோள்கள். ஆனால் அவன் தண்டாயுதத்தின்மேல் சாய்ந்து, தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்கிறான். பின்புறம் சுற்றிப் போய்ப் பார்த்தால்தான், முதுகுக்குப் பின்னால் மறைத்த கையில் அவன் ஜெயித்து வந்த பொன் ஆப்பிள்கள் தெரியும். வெற்றி முதுகுப்பக்கம், அலுப்பு முகத்தின் பக்கம்.

ஆக, கிரேக்க வீரன் பாடுபடுகிறான், களைத்துப் போகிறான். அவன் மனிதத் தாய்க்குப் பிறந்தவன். நம் வில்லாளி களைப்பதில்லை. அவனுக்கு அது லீலை. அங்கே சிற்பி காட்டுவது காரியம் முடிந்த பிற்பாடு. இங்கே நம் சிற்பி காட்டுவது காரியம் நடப்பதற்கு ஒரு கணம் முன்பு.

ஆனால் ஓர் இடத்தில் இரண்டு தேசத்துக் கலைஞர்களும் கை கோத்துக்கொள்கிறார்கள். கிரேக்கர்களிலும் தேவாசுர யுத்தம் உண்டு. இன்றைய துருக்கியில் உள்ள பெர்கமம் என்ற ஊரில், கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் ஒரு மாபெரும் பலிபீடத்தைச் சுற்றிலும் அந்த யுத்தத்தைச் செதுக்கினார்கள். 1878 முதல் தோண்டி எடுத்து, பெர்லின் நகரத்துக்குக் கொண்டுபோனார்கள். அதில் அதீனா ஓர் அசுரனின் தலைமயிரைப் பற்றி இழுக்கிறாள். அவளுடைய காலடியில், தரையைப் பிளந்துகொண்டு இடுப்பு மட்டும் வெளியே தெரிய, ஒரு பெண் எழுந்து நிற்கிறாள். அவள்தான் அந்த அசுரனைப் பெற்ற தாய். பூமாதேவி! என் பிள்ளையை விட்டுவிடு என்று மேலே பார்த்துக் கெஞ்சுகிறாள்.

சும்மாடு கொடுத்த அதே அதீனாதான். இங்கே அந்தத் தாயைத் திரும்பியும் பார்க்கவில்லை. பெர்கமத்துச் சிற்பியை நம் தஞ்சை ஓவியன் பார்த்ததில்லை, பேர்கூடக் கேட்டதில்லை. நடுவில் ஆயிரத்து நூறு வருஷத்துக்கு மேல் இடைவெளி. ஆனாலும் ராஜாவுக்காக வெற்றியைத் தீட்டும்போது, தோற்றவன் வீட்டுப் பெண்ணையும் ஓர் ஓரத்தில் வைக்காமல் இருக்க இரண்டு பேராலும் முடியவில்லை.

வாசலில் நிற்பவர்கள்

மாமியாரின் கேள்விக்கு ஒரு வாரம் கழித்துத்தான் பதில் கிடைத்தது. கொடுத்தவர் சுந்தரமூர்த்தி நாயனார். திருப்புன்கூர்த் தேவாரத்தில் அவர் ஒரு செய்தி சொல்கிறார். கோட்டைகள் எரிந்தபோது மூன்று அசுரர்கள் பிழைத்தார்கள். எரித்த கடவுளே அவர்களை வாழவைத்தார். இரண்டு பேரைத் தம் கோயில் வாசலுக்குக் காவல் வைத்துக்கொண்டார். மூன்றாமவனை, தாம் ஆடும்போது முழவு வாசிக்க அழைத்துக்கொண்டார்.

இதைச் சொன்னதும் மாமியார் முகத்தில் வந்த வெளிச்சத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். "அப்படிச் சொல்லு! வீட்டுக்காரன் உத்தியோகத்தோட திரும்பி வந்துட்டான்னு அந்தப் பொண்ணுங்களுக்குச் சேதி போயிருக்குமில்ல?" என்றார்.

ஓவியத்தில் கண்ணீர் இன்னும் காயவில்லை. தேவாரத்தில் காய்ந்துவிட்டது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் அந்தச் சிரிப்பின் அர்த்தம் கொஞ்சம் புரிகிறது. எரித்துவிட்டுப் போகிற சிரிப்பு இல்லை அது. எரித்துவிட்டுக் கூப்பிட்டுக்கொள்கிற சிரிப்பு.

அரக்கோணம் ரயிலில் நீங்கள் ஏறினால் கடம்பத்தூரோடு நிற்க வேண்டாம். இன்னும் சில ஸ்டேஷன் தள்ளித் திருவாலங்காடு வரும். அங்கிருந்து கிடைத்த நடராஜர் திருமேனி இப்போது எழும்பூர் மியூசியத்தில் இருக்கிறது. கிரேக்கச் சிலைகளை ஆயுள் முழுவதும் போற்றிய ரோதின் என்ற பிரெஞ்சுச் சிற்பி, அதைப் புகைப்படத்தில் பார்த்தே மனம் பறிகொடுத்து எழுதினார். 1921-ல் பாரிஸில் அது அச்சாயிற்று. அந்த மியூசியத்துக்குச் சற்றுத் தூரத்திலேயே நம் கூவம் வளைந்து போகிறது. பாவம், பிறந்த வீட்டுச் சேதி கேட்க யாராவது வருவார்களா என்று பார்த்துக்கொண்டு!

இதே மாவட்டத்தின் இன்னொரு கோடியில், கும்மிடிப்பூண்டியில், இன்றைக்கும் உலை வைத்து இரும்பை உருக்குகிறார்கள். இரும்புக் கோட்டை அசுரனுக்கு அங்கே நல்ல வேலை கிடைத்திருக்கும் என்கிறாள் என் பெண்!

அடுத்த தடவை ஏதாவது சிவன் கோயிலுக்குப் போகும்போது ஒரு காரியம் செய்யுங்கள். துவாரபாலகர்களைத் தாண்டி அவசரமாக உள்ளே ஓடாதீர்கள். கோரைப் பல்லும் உருட்டு விழியுமாக நிற்கிற அந்த இரண்டு பேரையும் ஒரு நிமிஷம் நின்று பாருங்கள். என் மாமியார் இப்போதெல்லாம் அப்படித்தான் செய்கிறார். மூலவரைக் கும்பிடுவதற்கு முன்னால் வாசலில் நின்று, "வீட்ல எல்லாரும் சௌக்கியமாப்பா?" என்று அவர்களைக் கேட்டுவிட்டுத்தான் உள்ளே போகிறார்.